வேப்பிலை இல்லாத கதவுகள்

கதவில் வேப்பிலை செருகியிருக்கும் வீடுகளைக் குறித்து ஒரு பட்டியல் போடலாம் என்பது என்னுடைய யோசனை. மிஸ்ஸி கேட்கவில்லை. சுகாதார அலுவலகமும் கேட்கவில்லை. நானே யோசித்து, நானே நோட்டில் கோடு கிழித்து, நானே எழுதினேன். எழுதி முடித்த அன்று, பினாங்குத் தீவில் என்னை மிஞ்சிய கெட்டிக்காரி கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வயது பத்தொன்பது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஜெலுத்தோங் பக்கத்தில், ஐந்து மாடி பிளாட் ஒன்றின் நான்காவது மாடியில் அக்கா வீடு. அப்பாவும் அம்மாவும் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருந்தார்கள். நான் டவுனில் ஆறாம் படிவம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பு, படிப்பதற்காக அக்காவோடு தங்கியிருந்தேன். பரீட்சை முடிந்துவிட்டது, முடிவு வர இன்னும் சில வாரங்கள் இருந்தன. சும்மா இருப்பது எனக்குக் கைவராத வேலை. அத்தான் லாரி ஓட்டினார். காலையில் பெர்ரி ஏறி அக்கரைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். பகல் முழுக்க அந்த இரண்டறை வீட்டில் அக்கா, நான், பாப்பா.

பாப்பா அக்காவின் முதல் குழந்தை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவள். அப்போது அவளுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கீழ்ப்பல் இரண்டு முளைத்து, கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தாள். மாதாமாதம் அவளை எடைபோடக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போவது நான்தான். அங்கேதான் மிஸ்ஸி பழக்கமானார். நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். இவர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண், நாற்பதைத் தாண்டாதவர், நடையும் வேகம், பேச்சும் வேகம். கார்டு எழுத ஆளில்லாமல் அவர் அல்லாடுவதைப் பார்த்துவிட்டு, யாரும் அழைக்காமலே போய் அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டேன். அவரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

தட்டம்மைக்கு ஊசி வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒன்பது மாதம் முடிந்த குழந்தைக்குப் போடுவார்கள். பாப்பாவின் கார்டில் அந்தத் தேதியை நானே என் கையால் எழுதியிருந்தேன். முன்கூட்டியே போட்டுவிட முடியாதா என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். சின்னக் குழந்தைக்குச் சரியாகப் பிடிக்காது என்றார். அதுவரை என்ன செய்வது? அதுவரை சுற்றியிருக்கிற பிள்ளைகள் போட்டுக்கொண்டால் அதுவே இவளுக்குக் காவல் என்றார். அது எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பிளாக்கில் ஊசி போடாத பிள்ளைகள் எத்தனை பேரோ, பாப்பாவைச் சுற்றி அத்தனை ஓட்டை. ஓட்டைகளை அடைக்கக் கிளம்பினேன்.

அந்த வருடம் வெயில் முந்திக்கொண்டது. ஜனவரியிலேயே கார் நிறுத்தும் இடத்துத் தார் செருப்பில் ஒட்டியது. அதற்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளை ஒட்டி ஒரு வேப்பமரம் நின்றது. அதன் தாழ்ந்த கிளைகள் ஒவ்வொன்றாக மொட்டையாகிக்கொண்டு வந்தன.

அம்மை கண்ட வீட்டில் யாரும் அதை நோய் என்று சொல்ல மாட்டார்கள். அம்மா வந்திருக்கிறாள் என்பார்கள். அதையும் வாயால் சொல்வது அபூர்வம். கதவில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிவிட்டால் போதும். இலையைக் கண்டவர்கள் கதவைத் தட்ட மாட்டார்கள். இளநீரோ மோரோ கொண்டுவந்தால் வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்விடுவார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட மாட்டார்கள். எங்கள் மாடிக் கடைசி வீட்டுச் சீனத்து அம்மாகூட, இலை வைத்த கதவைத் தாண்டும்போது பேரனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியோரமாக நடப்பார். மலாய்க்காரத் தபால்காரர் அந்த வீட்டுக் கடிதத்தைக் கீழே மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். எல்லாருக்கும் புரிந்த ஒரு பாஷையாக அது இருந்தது. நான் மட்டும் அதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைத்து ஒதுக்கியிருந்தேன்.

முதல் இரண்டு வாரம் கதவு கதவாகத் தட்டினேன். அட்டையில் கலர் பென்சிலால் கிருமிப் படம் வரைந்து கொண்டுபோனேன். அது ரம்புத்தான் பழம் மாதிரி இருப்பதாகப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குக் "குட்டி மிஸ்ஸி" என்று பெயர் விழுந்தது. பெண்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள், தலையாட்டினார்கள், ஒருவரும் கிளினிக்குக்கு வரவில்லை. போலியோ சொட்டு மருந்துக்கு வந்தவர்கள், முத்தடுப்பு ஊசிக்கு வந்தவர்கள், இதற்கு மட்டும் பின்வாங்கினார்கள்.

மூன்றாம் மாடியில் ஓர் அக்கா துணி பிழிந்துகொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சளி, காய்ச்சலுக்கு ஊசி போடலாம் லா, தங்கச்சி. வர்றது அம்மா. அம்மாவ வராதேன்னு சொல்லி ஊசி போடுறதா? நீ படிச்சவ, நீயே சொல்லு."

நான் படித்தவள். நிறையச் சொன்னேன். அவர் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குப் படியேறி வரும்போதுதான் அந்த யோசனை உதித்தது. இலை வைத்த வீடு என்றால் ஊசி போடாத பிள்ளை இருக்கும் வீடு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, மற்ற பிள்ளைகளுக்கு இனி வரும். எல்லாக் கதவையும் ஏன் தட்ட வேண்டும்? இலைதான் எங்கே போகவேண்டும் என்று காட்டுகிறதே. நோட்டை எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடியிலிருந்து தரைவரை ஒரு நடை நடந்தேன். ஆறு கதவுகள். வீட்டு எண், மாடி, பிள்ளைகள் எத்தனை, அப்பா என்ன வேலை, எல்லாம் எழுதினேன். தாழ்வாரத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள், என்ன குட்டி மிஸ்ஸி, சென்சஸா என்று கேட்டார்கள். ஆமாம் என்று நானும் சிரித்தேன்.

மிஸ்ஸிக்குப் பட்டியலைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "கெட்டிக்காரி பிள்ளை நீர்," என்றார். அதை அவரே சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அவசரம், எனக்கும் அவசரம்.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் வெள்ளை வேன் வந்து நின்றது. சீருடையில் மூன்று பேர் இறங்கினார்கள். நேராக ஆறு கதவுகளுக்குப் போனார்கள். வேறு ஒரு கதவைக்கூடத் தட்டவில்லை. தாழ்வாரக் கம்பிகளில் எல்லா மாடி ஜனங்களும் சாய்ந்து நின்று பார்த்தார்கள். நானும் பார்த்தேன், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் பெருமையோடு.

இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக்காரர் காவல் வேலை முடித்து வந்து படுத்திருந்தவர். கைலியோடு எழுந்து வந்து வாசலில் நின்றார். ஏன் ஊசி போடவில்லை, ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, கார்டு எங்கே என்று மலாயில் சத்தமாகக் கேட்டார்கள். ஊரே பார்க்கிறது. அவர் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அவருடைய மூன்று வயதுப் பிள்ளையை ஒரு சிவப்புப் போர்வையில் சுற்றி, அந்த வெயிலில் கீழே தூக்கிப் போனார்கள். பிள்ளைக்கு மூச்சுத் திணறியதால் தூக்கிப் போனார்கள். தூக்கிப் போயிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்று மாடிகளில் நின்றவர்கள் கண்டது போர்வையையும், அதற்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடிய தாயையும்தான்.

"நம்பர் எப்படித் தெரிஞ்சிச்சு இவனுங்களுக்கு?" என்று என் பின்னால் யாரோ கேட்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாளில் எங்கள் மாடியில் நான்கு இலைகள் இரண்டாயின. வாரக் கடைசியில் ஒன்றுகூட இல்லை. மற்ற மாடிகளிலும் இல்லை. நான் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸியிடம் சொன்னேன்: குறைந்துவிட்டது, மிஸ்ஸி, ஒரு வீட்டிலும் இல்லை. அவர் கையிலிருந்த பேனாவை மூடாமல் என்னையே பார்த்தார். ஆஸ்பத்திரியில் படுக்கை நிறைகிறது என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். அது வேறு இடத்துப் பிள்ளைகளாக இருக்கும் என்றேன். இருக்கும் என்றார் அவரும், பேனாவை மூடிக்கொண்டே.

அந்த நாட்களைப் பிறகு பல தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கண் முன்னால்தான் இருந்தன. தாழ்வாரத்தில் கோலி விளையாடும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். பகலில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன, கண்ணாடிக்கு உள்பக்கம் கைலியோ போர்வையோ தொங்கியது. மூடிய கதவுகளுக்குப் பின்னால், கதவுக்குக் கதவு, ஒரே மாதிரியான வறட்டு இருமல். இலை கிள்ள யாரும் மரத்தடிக்குப் போய் நான் பார்க்கவில்லை, கிளைகள் மட்டும் இன்னும் உயரத்துக்கு மொட்டையாகின. அடுப்பில் மீன் வாசனை இல்லை, கறி வாசனை இல்லை. அதற்குத்தான் என்னிடம் பதில் தயாராக இருந்ததே: தைப்பூசம் நெருங்குகிறது, எல்லாரும் விரதம். அம்மா வந்த வீட்டிலும் மாமிசம் ஆகாது, விரத வீட்டிலும் ஆகாது. இரண்டுக்கும் வித்தியாசம் கதவில் இருந்த இலை மட்டும்தான்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம், புதன்கிழமை, பாப்பாவுக்குத் தைத்த பட்டுச் சட்டையை வாங்கிவர அக்கா போனாள். எங்கள் மாடியிலேயே, இரண்டு கதவு தள்ளி, ஓர் அக்கா தையல் மிஷின் வைத்திருந்தார். கணவர் கப்பலில் வேலை. நாலு வயதில் ஒரு மகன். நான் அன்று கிளினிக்கில் இருந்ததால், பாப்பாவை அக்காவே தூக்கிப் போனாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாளாம். தையல் அக்காவுக்கு என்னவோ உடம்பு சரியில்லை போல, முகமே சரியில்லை, முதலில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார் என்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள். சட்டை அழகாக வந்திருந்தது. மயில் பச்சையில் மஞ்சள் கரை.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாப்பா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்தாள். அவ்வளவு கூட்டத்தில், அவ்வளவு வெயிலில், ஒரு தடவைகூட அழவில்லை. அத்தான் தோளில் உட்கார்ந்து காவடிகளைப் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாள் எண்ணிப் பார்த்தேன். ஊசிக்கு இன்னும் பதினெட்டு நாள்.

தைப்பூசம் முடிந்து இரண்டாம் நாள், வியாழக்கிழமை, பிளாக் முழுக்க விரதம் முடிந்தது. மத்தியானம் கீழேயிருந்து படியேறினேன். முதல் மாடியில் மீன் பொரிக்கும் வாசனை. இரண்டாம் மாடியில் ஆட்டுக்கறி. பசி வயிற்றைக் கிள்ளியது. வேகமாக ஏறினேன். இரண்டாம் மாடிக் கோடியில் ஒரு கதவைத் தாண்டும்போது வாசனை அறுந்து, அடுத்த கதவில் மறுபடி வந்தது. முதலில் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் மாடியில் மறுபடி அறுந்தது. நின்றேன். திரும்பி நடந்தேன். தாளிக்கும் வாசனைகூட இல்லாத கதவு. அதற்கடுத்து இரண்டு கதவு விட்டு இன்னொன்று. மேலே ஏறி, கீழே இறங்கி, ஒவ்வொரு கதவாக நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். பதினோரு கதவுகள். நான் பட்டியல் போட்ட நாளில் ஆறு.

எங்கள் மாடியில் நான்கு. அதில் ஒன்று தையல் அக்கா வீடு.

தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது.

"நீங்க இன்னும் வெரதம் முடிக்கலையா அக்கா?" என்றேன்.

அவர் என் கைகளைப் பார்த்தார். "நோட்டு கொண்டாந்திருக்கியா?"

இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கதவு திறந்தது.

உள்ளே ஜன்னலில் கறுப்புத் துணி. பாயில் அந்தப் பையன் படுத்திருந்தான். முகத்திலும் கழுத்திலும் தடிப்புகள் கருத்துப் பொருக்காகியிருந்தன. தலைமாட்டிலும் பாய்க்கு அடியிலும் வேப்பிலை. கதவில் இருந்திருக்க வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது. அம்மா இறங்கிவிட்டாள், ஒரு தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். எப்போது வந்தது என்று கேட்டேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை முத்துத் தெரிந்தது என்றார்.

செவ்வாய். அக்கா வந்தது புதன்.

"எல ஏங்க்கா வெக்கல?" கேட்ட பிறகுதான் யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று உறைத்தது.

"வெச்சா நீ எழுதிட்டுப் போயிருவ." கோபமே இல்லாமல் சொன்னார். "அவர் கப்பல்ல இருக்காரு. நான் ஒத்தப் பொம்பள. எம் புள்ளைய போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போனா யாரு பின்னால ஓடுறது?"

"எங்க அக்கா பாப்பாவோட வந்துச்சு."

"தெரியும் தங்கச்சி. வாசல்லயே நிப்பாட்டினேன். சட்ட முடியல, நாளைக்கி வான்னு பொய்கூடச் சொன்னேன். மிஷின் மேலயே கெடந்துச்சு, உங்க அக்கா பாத்துட்டா. பாப்பா அழுவுது, வெயிலா இருக்குன்னு உள்ளாற வந்து உக்காந்துட்டா. இவன் உள் ரூம்ல படுத்திருந்தான்." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "அம்மா இருக்காங்கன்னு நான் வாயால சொன்னதே கெடையாது. எப்படிச் சொல்றது? எல இருந்தா அதுவே சொல்லியிருக்கும்."

கிளினிக்குக்கு ஓடினேன். மிஸ்ஸி எத்தனை நாள் என்று மட்டும் கேட்டார். எட்டு என்றேன். சுவர்க் காலண்டரைப் பார்த்தார். "முதல் ரெண்டு மூண்டு நாளிலை தெரிஞ்சிருந்தா ஏதும் செய்து பாத்திருக்கலாம், பிள்ளை. இனிப் பொறுத்துத்தான் பாக்கவேணும்." பத்தாம் நாள், பதினோராம் நாள், பன்னிரண்டாம் நாள் கவனமாக இருக்கச் சொன்னார். பிறகு என் பட்டியலின் நகல் இருந்த பைலை எடுத்து, அந்தத் தாளை உருவி, மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்காவிடம் தையல் அக்கா வீட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். சூடு இல்லை. "அப்ப எதுக்கு எல வெக்கல அவுங்க?" என்றாள். தெரியாது என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அதுதான் சின்னது, ஒரே சொல்.

வெள்ளி கழிந்தது. சனிக்கிழமை பாப்பா நன்றாகச் சாப்பிட்டாள், தவழ்ந்து போய் அத்தானின் செருப்பைக் கடித்தாள். அக்கா சிரித்தாள். நான் மணிக்கொரு தடவை தெர்மாமீட்டரை உதறிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது. பத்து மணிக்குக் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க மாட்டாமல் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மத்தியானம் உடம்பு அனலாகக் கொதித்தது. பதினோராம் நாள்.

முத்து முகத்தில் தெரிந்த மறுநாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். தனி வார்டு. அங்கே போனவுடன் கட்டில்களைப் பார்த்தேன். எங்கள் பிளாக்கைப் பிய்த்துக் கொண்டுவந்து கட்டில் கட்டிலாகப் போட்டது போல இருந்தது. மூன்றாம் மாடிப் பையன். எங்கள் மாடி இரட்டையர். ஐந்தாம் மாடியில் பாப்பாவை விடச் சின்னக் குழந்தை ஒன்று, ஏழு மாதம். அதன் தாய் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பட்டியல் விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ. நாலாம் நாள் காலை நான் கஞ்சி கொண்டுபோனபோது அந்தக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா பாப்பாவின் பக்கமாகத் திரும்பி, அங்கே பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். நானும் பார்க்காமல் கஞ்சியை ஊற்றினேன்.

பாப்பா பிழைத்தாள். பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள், பாதி எடையில். வலது காதில் சீழ் வடிந்து நிற்க இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அவள் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நோட்டு, பட்டியல், வேன், எல்லாம், ஒரே மூச்சில். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், பேசவில்லை. அத்தான் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லாரிக்குப் போய்விடுவார்.

சீழ் நின்ற பிறகு ஒரு நாள், பாப்பா தரையில் உட்கார்ந்து டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே என்னைக் கூப்பிட்டு, குழந்தைக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால் நிற்கச் சொன்னாள்.

"கூப்பிடு."

கூப்பிட்டேன். பாப்பா டப்பாவைத் தட்டினாள்.

"இன்னொருக்கா."

கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேன். பாப்பா இடப்பக்கம் திரும்பி, யாரையும் காணாமல் வாசலைப் பார்த்தாள்.

அக்காவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. பல நாளாக அவளே சோதித்துப் பார்த்திருக்கிறாள் என்று அப்போது தெரிந்துகொண்டேன். "நீ இனிமே யாரு வீட்டுக் கதவையும் தட்டாத," என்றாள். "நான் தட்டுறேன்."

தட்டினாள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் தையல் அக்காவோடு. யார் வீட்டிலிருந்து வந்ததோ அவரும், யார் வீட்டுக்கு வந்ததோ அவளுமாக இரண்டு பேரும் சேர்ந்து மாடி மாடியாக ஏறினார்கள். கிருமிப் படம் எதுவும் கொண்டுபோகவில்லை. இலை வையுங்கள், யாரும் எழுத மாட்டார்கள், எழுத விட மாட்டோம் என்று முதலில் சொல்வார்கள். மிஸ்ஸியிடமும் போய் அந்த வாக்கை வாங்கிவந்தார்கள். பிறகுதான் ஊசிப் பேச்சு. நான் இரண்டு கதவு பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். துணி பிழிந்துகொண்டே என்னை மடக்கிய மூன்றாம் மாடி அக்கா அப்போதும் அம்மா, ஊசி என்று தொடங்கினார். அக்கா அவரோடு வாதாடவில்லை.

"அம்மா வந்தா கும்புட்டுக்கலாம் அக்கா, அது வேற. எம் புள்ளைக்கு அப்ப ஊசிக்கு நாள் வரல. உங்க புள்ளைக்கு நாள் வந்து மூணு வருசமாச்சு. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

அந்த அக்கா பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தைத் தொட்டார். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை கீழே பாலாய் ராயாவில், எங்கள் பொது மண்டபத்தில், மிஸ்ஸி மேசை போட்டார். வரிசை வாசலைத் தாண்டி மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடம்வரை நின்றது. நான் வழக்கம்போலக் கார்டு மேசையில் போய் உட்கார்ந்தேன். முன்னால் நின்ற பெண் தன் வீட்டு எண்ணைச் சொல்லாமல் என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுந்து பேனாவைத் தையல் அக்காவிடம் கொடுத்தேன். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அது இன்றுவரை எனக்குத் தெரிந்த வேலை: முழங்கைக்கு மேலே, இறுக்காமல், அசையவும் விடாமல். சிலர் என்னை உதைத்தார்கள். ஒரு பையன் கடித்தான்.

பன்னிரண்டு மணிக்கு மேல், வரிசையின் கடைசிப் பக்கம் ஒரு பெண் தயங்கி நின்றாள். முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள், என் வயதுதான் இருக்கும். மார்பில் துணிச் சுருளாக ஒரு குழந்தை.

"இதுக்கும் போடுவாங்களா அக்கா?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"எத்தன மாசம்?"

"ரெண்டு முடிஞ்சிச்சு."

அக்கா துணியை விரலால் விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். வரிசையில் எங்கேயோ ஒரு பிள்ளை இருமியது. வறட்டு இருமல். அக்கா சட்டென்று தலையைத் தூக்கினாள். மண்டபத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், யார் இருமியது என்று. மறுபடி இருமல் வரவில்லை. அந்தப் பெண்ணின் முதுகில் கை வைத்து, கூட்டத்திலிருந்து விலக்கி, காற்று வரும் வாசல் பக்கமாக நிறுத்தினாள். பிறகு, ஏழு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"இதுக்கு ஊசி போட இன்னும் ஏழு மாசம் இருக்கு," என்றாள்.